இரண்டாம் எண் பொத்தான்

முப்பத்தெட்டு வருஷம் ரோடு ரோலர் ஓட்டியவன் நான். அத்தனை வருஷத்தில் சாலையில் நான் முந்தியது ஒரே ஒரு கூட்டத்தை. அது ஒரு சவ ஊர்வலம். அதுவும் அவர்கள் தோள் மாற்றிக்கொள்வதற்காக நின்றிருந்த நேரம். ஆகவே, ஓய்வு பெற்ற மறு வாரமே வேகமாகப் போகிற கார் ஒன்றை நான் வாங்கியதில் யாரும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

காருக்கு வயது இருபத்திரண்டு. கறுப்பு. ஒரு பல் வைத்தியர் வைத்திருந்தது. நீளம் எவ்வளவு என்றால், அதன் மூக்கு எங்கள் வாசலுக்குள் நுழைந்து ஒரு நிமிஷம் கழித்துத்தான் வால் வந்து சேரும். உள்ளே தோல் இருக்கைகள், பளபளவென்று மரப்பலகை, எங்கே பார்த்தாலும் பொத்தான்கள். எண்ண ஆரம்பித்து எண்பதோடு விட்டுவிட்டேன். சாவியைக் கொடுக்கும்போது வைத்தியரின் மனைவி, "அவர் இதுல ஒரு குறை சொன்னதில்ல" என்றார். அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்ததால் மேற்கொண்டு விசாரிக்க வழியில்லை.

முதல் நாள் காலையில் எழுந்து பார்த்தேன். கார் பின்னங்கால்களை மடக்கி ஒட்டகம் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகளின் மேல் நிற்கிற வண்டியாம், பைகளில் ஓட்டை. இரண்டாம் நாள், ஓட்டுநர் பக்கக் கண்ணாடி யாரும் தொடாமலேயே கதவுக்குள் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் மழை. கூரைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள வடிகால் குழாய்கள் அடைத்துக்கொண்டதில் தண்ணீர் உள்ளே இறங்கி, கால் வைக்கிற இடத்தில் கம்பளத்துக்கு அடியில் குளம் கட்டி நின்றது. அதில் தவளைகள் இருந்தன என்றால் நம்பமாட்டீர்கள். அதனால் ஒன்று என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இதெல்லாம் போக, தினமும் விடிந்தால் பேட்டரி செத்துக் கிடக்கும்.

எங்கள் தெருக்கோடியில் கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். நிதானம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு திருகைக் கழற்றுவதற்கு முன் அதையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். திருகு வெட்கப்பட்டுத் தானே கழன்று வரும்.

"இந்த வயசு வண்டிக்கு இதெல்லாம் சகஜம் ஐயா" என்றார் அவர். "உங்களுக்கு முட்டி வலிக்குதுல்ல, அந்த மாதிரி."

"எனக்கு முட்டி வலிக்கலையே."

"உக்காந்து எந்திரிச்சுப் பாருங்க."

எழுந்தேன். வலித்தது. அவரிடமே வேலையை ஒப்படைத்தேன்.

இந்த நேரத்தில் எங்கள் முன்னறையில் என் மச்சான் இருந்தார். என் மனைவிக்கு அண்ணன். நாற்பத்து நான்கு வருஷம் கோட்டு தைத்த தையல்காரர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. முதுகெலும்பில் நோய் இருப்பதாக மூன்று மாதத்துக்கு முன் கண்டுபிடித்தார்கள். தங்கை போய் அழைத்துவந்துவிட்டாள். அறுத்துப் பயனில்லை, வலியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அவர்களும் பார்த்தார்கள். அதுவும் அவர்களைத் திருப்பிப் பார்த்தது.

படுத்தால் வலி. உட்கார்ந்தால் அதைவிட வலி. மாத்திரை போட்டால் நாக்கு மரத்தது, முதுகு மரக்கவில்லை. கடைசியில் குதிரை மாதிரி நின்றுகொண்டே தூங்கப் பழகினார். முன்னறை பீரோவின் மேல் என் மனைவி ஒரு தலையணையைத் துணியால் சுற்றிக் கட்டிவைத்தாள். அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்பார். இருபது நிமிஷம் கண் அசரும். முழங்கால் மடங்கும். விழித்துக்கொள்வார். மறுபடி இருபது நிமிஷம். எழுபத்தோரு வயதில் மூன்று மாதமாக அவர் தூங்கிய மொத்தத் தூக்கத்தை ஒரு கைக்குழந்தை ஒரே வாரத்தில் தூங்கி முடித்துவிடும்.

அப்படி இருந்தும் என்னைக் கிண்டல் பண்ணாமல் இருக்க அவரால் முடியவில்லை. ஒரு நாள் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தார்.

"என்ன மாப்ளே, வண்டி குந்திக்கிட்டு இருக்கு? வயிறு சரியில்லையா?"

"வயசான வண்டி மச்சான். எந்திரிக்க நேரமாகும்."

"அப்ப ஜோடிப் பொருத்தம் பிரமாதம். ஒண்ணை ஒண்ணு கைதூக்கி விட்டுக்கலாம்."

"வேணும்னா நீங்களும் வந்து உக்காருங்க. மூணாவது ஆளுக்கு இடம் இருக்கு."

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் வீம்புக்கு முன்பக்கம், ஓட்டுநருக்கு அடுத்த இருக்கையில் ஏறினார். ஏறுவதற்குள் முகம் சாம்பலாகிவிட்டது. கதவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட பொத்தான்கள். "இது எதுக்கு, லிஃப்ட்டா? ரெண்டாம் மாடிக்குப் போவமா?" என்று இரண்டை அழுத்தினார்.

இருக்கை முனகியது. சாய்மானம் மெல்லப் பின்னால் போனது. தொடைக்கு அடியில் மெத்தை உயர்ந்தது. இடுப்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று உள்ளங்கை மாதிரி புடைத்து வந்து தாங்கியது. மச்சான் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

என் மனைவி ஓடிவந்து அவர் மூக்குக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அந்த விரலையே தன் உதட்டில் வைத்து என்னைப் பார்த்தாள்.

"எழுப்பிடாதீங்க."

"நான் எங்க எழுப்பினேன்?"

"மூச்சு விடாதீங்க, சத்தம் வருது."

ஐந்தரை மணி நேரம் தூங்கினார். அத்தனை நேரமும் நான் மூச்சு விடாமல் நின்றேன்.

விழித்ததும் கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியே எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "அந்தப் பல் டாக்டர் எப்படிச் செத்தார், மாப்ளே?"

"கேக்கல மச்சான்."

"கேக்காதே. அவருக்கும் முதுகுல என்னமோ இருந்திருக்கு. ஒரு மனுஷன் அங்குலம் அங்குலமாத் தேடிக் கண்டுபிடிச்ச இடம்யா இது."

இருக்கையை ஒரு நிலையில் வைத்து ஒரு எண்ணை அமுக்கிப் பிடித்தால் அந்த நிலையை வண்டி ஞாபகம் வைத்துக்கொள்ளும், அப்புறம் எண்ணை அழுத்தினால் போதும் என்று நிதானம் விளக்கினார். ஒன்றில் வைத்தியரம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்றில் ஒன்றும் இல்லை. இரண்டில்தான் அந்த மனிதர் இருந்தார்.

அன்றிலிருந்து கார் மச்சானுக்கு ஆகிவிட்டது. காலையில் ஏறினால் மதியம் வரை. சாப்பிட்டு ஏறினால் அந்தி சாயும் வரை. கன்னத்தில் கொஞ்சம் சதை ஒட்டியது. கிண்டல் இரு மடங்கானது. "மாப்ளே, டிரைவர் சீட்ல சும்மாதானே இருக்கே, ஓட்டற மாதிரி ஸ்டீயரிங்கையாவது திருப்பு. போற மாதிரி இருக்கும்" என்பார். நானும் திருப்புவேன். வேகமாகப் போகிற காரை வாங்கி நான் ஓட்டிய தூரம், வைத்தியர் வீட்டிலிருந்து எங்கள் வீடு வரை, பதினோரு கிலோமீட்டர். எனக்குக் குறையில்லை. ரோலருக்கு அது மூன்று நாள் வேலை.

நிதானம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வந்தார். காற்றுப் பைகளை மாற்றினார். வண்டி எழுந்து நின்றது. வடிகால் குழாய்களில் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பை எடுத்தார். கண்ணாடியைக் கதவுக்குள்ளிருந்து மீட்டார். மிஞ்சியது பேட்டரி. கதவுகளையெல்லாம் பூட்டி, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அடங்கும் வரை நாற்பது நிமிஷம் காத்திருந்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது மீட்டர் முள் கீழே விழுகிறதோ அதுதான் திருடன். அந்த நேரம் முழுக்க மச்சான் வெளியே, சுவரில் நெற்றியை வைத்து நின்றார்.

பதினேழாவது ஃப்யூஸில் முள் விழுந்தது. நிதானம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தார்.

"சொல்லுங்க" என்றேன்.

"அந்த சீட்டுதான் ஐயா. அதை ஆட்டிவைக்கிற பெட்டி சீட்டுக்கடியில இருக்கு. மழைத்தண்ணில ஊறிப் பச்சை பூத்திருக்கு. அது அடங்கவே மாட்டேங்குது."

"விட்டுட்டா?"

"பேட்டரி தினமும் சாகும். அது பரவாயில்ல, மாத்திக்கலாம். பெட்டி எப்ப என்ன பண்ணும்னு சொல்ல முடியாது."

அது என்ன பண்ணும் என்று மறுநாள் தெரிந்தது. மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் எதையும் தொடவில்லை. இருக்கை தானாக முனகி, சாய்மானம் முன்னால் வர ஆரம்பித்தது. நிற்கவில்லை. ஒரு கடிதத்தை மடிக்கிற மாதிரி அவரை மடித்தது. நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். அந்தச் சத்தத்தை மட்டும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. தெருக்கோடியிலிருந்து நிதானம் ஓடிவந்து ஃப்யூஸைப் பிடுங்கினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் நான்கு பேரும் வாசலில் கூடிப் பேசினோம். பெட்டியைக் கழற்றிச் சுத்தம் பண்ணிக் காயவைத்தால் பிழைக்கும் என்றார் நிதானம். ஆனால் இரண்டாம் எண் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அது இருக்குமா, அழிந்துபோகுமா, அவரால் சொல்ல முடியாது.

"அது போயிட்டா அண்ணன் எங்க தூங்குவார்?" என்றாள் என் மனைவி.

மச்சான்தான் கடைசியில் பேசினார். "ஏன் எல்லாரும் இழவு வீட்டு மூஞ்சியோட நிக்கிறீங்க? நான் என்ன தொழில் பாத்தேன்? அளவு எடுத்துக்குவோம். மறுபடி அதே அளவுல வச்சாப் போச்சு. எத்தனையோ கோணல் முதுகுக்குக் கோட்டு தச்சிருக்கேன், ஒரு சீட்டுக்குத் தைக்க மாட்டேனா?"

மறுநாள் காலையில் ஃப்யூஸைப் போட்டு இரண்டை அழுத்தினோம். இருக்கை சமர்த்தாக அதன் இடத்துக்கு வந்தது. ஒரு மணி நேரம் தூங்கினார். எழுந்து வெளியே வந்து, கதவைப் பிடித்து நின்றுகொண்டே அளவு எடுத்தார். கழுத்திலிருந்த நாடாவின் ஒரு முனையை அவர் சொன்ன இடத்தில் நான் குனிந்து பிடித்துக்கொள்வேன். மறு முனையை அவர் இழுப்பார். கட்டைவிரல் நாடாவில் ஓடி ஓர் இடத்தில் நிற்கும். கண் பார்ப்பதற்கு முன்னால் வாய் எண்ணைச் சொல்லிவிடும். இருக்கையின் பாகங்களுக்கு அவரிடம் வேறு பெயர் கிடையாது. சாய்மானத்தின் உச்சியிலிருந்து கூரைக்கு, தோள். சாய்மானத்திலிருந்து முன்பலகைக்கு, மார்பு. நடுவில் புடைத்திருப்பது இடுப்பு. மெத்தை விளிம்பின் உயரம், தொடை.

"தோள் பத்தொம்பது. மார்பு முப்பத்தாறு. இடுப்பு பதினாலரை. தொடை பதினேழு. எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேண்ணே."

"துணி எப்ப கொடுப்பீங்கன்னு கேளு அந்த சீட்டை."

மச்சானின் ஸ்கேன் படம் வந்த உறையின் பின்பக்கம் அவள் எழுதியிருந்தாள். நிதானம் பெட்டியைக் கழற்றி, கோழிக்குஞ்சை ஏந்துவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திப் போனார்.

ஐந்து நாள் ஆனது. பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பச்சையைச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, அறுந்த கம்பிகளைப் பற்றவைத்தார். அந்த ஐந்து நாளும் மச்சான் பீரோவின் முன்னால் நின்றார். மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள். கடைசி இரண்டு நாள் கிண்டல் நின்றுவிட்டது. வீட்டில் எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பெட்டி வந்தது. நிதானம் மாட்டினார். இரண்டை அழுத்தினோம். இருக்கை எங்கேயோ போய் நின்றது. மச்சானை நானும் நிதானமும் தாங்கி உட்காரவைத்தோம். உட்கார்ந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இது அது இல்ல" என்றார். "எறக்குங்க. எறக்குங்கய்யா."

பெட்டி மறந்துவிட்டது என்று முடிவு செய்தோம். உறையைப் பார்த்து அந்த அளவுகளுக்கு இருக்கையை நான் நகர்த்தினேன். ஒவ்வொன்றையும் நகர்த்த வேண்டியிருந்தது. மறுபடி ஏற்றினோம். இது அதைவிட மோசம். சறுக்குமரத்தில் விட்ட பிள்ளை மாதிரி வழுக்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் இப்படியே. ஏற்றுவதும் இறக்குவதும். ஒவ்வொரு தடவையும் இறக்கும்போது அவர் கொஞ்சம் எடை குறைந்திருந்தார். பொய்யில்லை, தூக்கிய என் கைக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் காலை பீரோவிலிருந்து ஒரு சத்தம். சிரிப்பு.

"மாப்ளே, இங்க வா. நான் லூஸ் வச்சுட்டேன்யா."

"என்ன வச்சீங்க?"

"லூஸ். உடம்பு அளவை அப்படியே வெட்டினா கோட்டு பிடிக்கும். அதனால கொஞ்சம் கூட்டித்தான் சொல்லணும். தோளுக்கு அரை, மார்புக்கு ரெண்டு, இடுப்புக்கு ஒண்ணு, தொடைக்கு ஒண்ணரை. நாப்பத்திநாலு வருஷமா நாடாவுல இருக்கறதை நான் சொன்னதே இல்ல. வாய் தானாக் கூட்டிக்கும். அன்னிக்கும் கூட்டியிருக்கு!"

"சீட்டுக்கு எதுக்கு மச்சான் லூஸ்?"

"அதுவும் மூச்சு விட வேணாமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு முதுகில் போய் இடித்து, பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்போதும் சிரித்தார். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் மனுஷனுக்கு எவ்வளவு தெம்பு வருகிறது! என் மனைவியைக் கூப்பிட்டுக் கழிக்கச் சொன்னார். அவள் உறையில் பழைய எண்களுக்குப் பக்கத்தில் புது எண்களை எழுதினாள். தோள் பதினெட்டரை, மார்பு முப்பத்துநாலு, இடுப்பு பதிமூன்றரை, தொடை பதினைந்தரை.

நாடாவை வைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். நிதானம் கடைக்குப் போயிருந்தார். நானும் அவளுமாக மச்சானை ஏற்றினோம். சாய்ந்தார். ஒரு கணம் முகம் தளர்ந்தது. அடுத்த கணம் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த இறுக்கத்தில் எலும்பு நகர்ந்தது எனக்கு.

இறக்கினோம். கார்க் கூரையின் விளிம்பில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடி நின்றார்.

"எங்கேயோ கால் இஞ்ச் விட்டுட்டே மாப்ளே. நாடாவை ஒழுங்காப் பிடிக்கத் தெரியுதா உனக்கு? ரெண்டை அழுத்தி ஆரம்பத்துலேர்ந்து வா."

சரி என்று இரண்டை அழுத்தினேன். இருக்கை ஒரு நூல் அளவு நகர்ந்து, நின்றுவிட்டது.

மறுபடி அழுத்தினேன். அசையவில்லை.

பொத்தான்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒன்றை அழுத்தினேன். முனகிக்கொண்டு போய் வைத்தியரம்மா மாதிரி நிமிர்ந்து நின்றது. இரண்டை அழுத்தினேன். திரும்பி வந்தது. நாடாவை எடுத்து, இரண்டு முனையையும் நானே பிடித்து ஒவ்வொன்றாக அளந்தேன். பதினெட்டரை. முப்பத்துநாலு. பதிமூன்றரை. பதினைந்தரை.

நிதானம் பெட்டியை நன்றாகத்தான் சுத்தம் பண்ணியிருந்தார். அது எதையும் மறக்கவில்லை. ஐந்தரை மணி நேரம் அவரைத் தூங்கவைத்த அதே இடத்தில்தான் இருக்கை இப்போதும் இருந்தது; பெட்டி வந்த அன்றும் அங்கேதான் வந்து நின்றிருக்கிறது. நகர்ந்தது அவர் முதுகு. ஐந்து நாளில் நோய் அதை வேறு எங்கேயோ கொண்டுபோய்விட்டது. எந்த எண்ணிலும் அந்த இடம் இல்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவருடைய சட்டை, அவரே தைத்தது, முதுகில் ஒட்டாமல் தொங்கியது.

"என்ன மாப்ளே, பேச்சைக் காணோம்? என்ன அளவு காட்டுது?"

அந்தப் பக்கக் கதவுக்கு வெளியே என் மனைவி உறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாடாவின் மேல் என் விரல் நின்ற இடங்களையெல்லாம் அவள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கால் இஞ்ச் குறையுது மச்சான்" என்றேன். "இடுப்புல."

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா?" கூரையிலிருந்து நெற்றியை எடுத்தார். குரலில் உயிர் வந்திருந்தது. "ரோடு போடறவன்கிட்ட நாடாவைக் கொடுத்தா இப்படித்தான். அங்குலமெல்லாம் உனக்குத் தூசி."

"அவரை மட்டும் சொல்லாதீங்கண்ணே" என்றாள் அவள். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. "எழுதினதுலயும் சந்தேகமா இருக்கு. இந்த இடத்துல மூணு மாதிரியும் இருக்கு, அஞ்சு மாதிரியும் இருக்கு. என் கையெழுத்துதான்."

"உன் கையெழுத்து என்னிக்கும் கோழி கிளறினதுதானே! கடையில பில்லு எழுதச் சொன்னப்பவே பாத்தேன். சரி சரி, அழுது வைக்காதே. கால் இஞ்ச் ஏத்து மாப்ளே."

ஏற்றினேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உட்காரவைத்தோம். மேலுதடு முழுக்க வேர்வை. கண்ணை மூடி, உள்ளே எதையோ தடவிப் பார்க்கிற மாதிரி இருந்தார்.

"எப்படி மச்சான்?"

"கிட்ட வந்துட்டோம்." மூச்சு வாங்கினார். "கிட்ட வந்துட்டோம்யா. இன்னும் ஒரு நூல் மேல."

என் மனைவி உறையைத் திருப்பி, ஸ்கேன் என்று அச்சடித்திருந்த பக்கத்தை உள்பக்கமாக மடித்து, பென்சிலால் புதிதாக ஒரு எண்ணை எழுதினாள். நான் பொத்தானில் விரலை வைத்தேன். மோட்டார் முனகியது.

"போதுமா?"

"இல்ல, இன்னும். இன்னும் கொஞ்சம்."